கோரிடோராஸ் வளர்ப்பு: தொட்டியின் தரையிலிருந்து தொடங்குங்கள்

தென் அமெரிக்க ஆறுகளிலும் ஓடைகளிலும் வாழும் கோரிடோராஸ், உடலின் இருபுறமும் இரண்டிரண்டு வரிசை எலும்புத் தகடுகளைக் கவசமாகக் கொண்ட சிறு கெளுத்தி மீன். கவசம் உடலைக் காக்குமே தவிர, தரையைத் துழாவி இரை தேடும் வாயோரத்து மீசைகளைக் காப்பதில்லை. ஆகவே தொட்டியின் தரையை முதலில் சீராக்குங்கள். மீன் கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகளான அமோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாக நிலைபெற்ற தொட்டி ஏற்கெனவே உங்களிடம் இருப்பதாகக் கொண்டே எழுதுகிறேன்.

முதல் வேலை மணல் இடுவது. இம்மீன் முகத்தை மணலில் புதைத்து, வாயால் அள்ளி, இரையைப் பிரித்தெடுத்துக்கொண்டு மணலைச் செவுள் வழியே வெளியேற்றும். சரளைக்கல்லில் இது இயலாது. மேலும் கற்களின் இடுக்கில் தங்கும் உணவு அழுகிப் பாக்டீரியா பெருகுவதால் மீசைகள் அரிக்கப்பட்டுக் குட்டையாகும். கூர்முனையற்ற மெல்லிய மணலையே நான் பரிந்துரைப்பேன். அதைச் சிறிது சிறிதாக வாளியில் இட்டு, கழுவும் நீர் தெளியும் வரை அலசி, 2 முதல் 3 செ.மீ. உயரத்துக்குப் பரப்புங்கள்.

மணலைத் தூய்மை செய்யும்போதுதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். சரளைக்கல்லில் செய்வதுபோல், கழிவை நீரோடு உறிஞ்சி வெளியேற்றும் சைஃபன் குழாயை மணலுக்குள் அழுத்தினால் கழிவோடு மணலும் வாளிக்கு வந்துவிடும். மணலில் கழிவு மேற்பரப்பிலேயே தங்குகிறது என்பதால், குழாயின் வாயை ஓரிரு செ.மீ. மேலே பிடித்து, மறுகையால் குழாயை மடக்கி நீரோட்டத்தைக் குறைத்துக்கொண்டு மெதுவாக நகர்த்தினால் போதும். மணலை அவ்வப்போது விரலால் மேலோட்டமாகக் கிளறிவிடுங்கள். வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றி, குளோரின் நீக்கிய நீரை ஊற்றுங்கள்.

வடிகட்டியைப் பொறுத்தவரை, மணலை உள்ளிழுக்கும் மோட்டார் வகையைவிட, காற்றுப் பம்பினால் இயங்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டரே என் தேர்வு.

60 செ.மீ. நீளத் தொட்டியில் ஒரே இனத்தைச் சேர்ந்த ஆறு மீன்களையாவது சேர்த்து விடுங்கள். தனித்து விடப்பட்டவை அஞ்சி ஒளிந்தே கிடக்கும். பெரும்பாலான இனங்களுக்கு 22 முதல் 26 டிகிரி செல்சியஸ் ஏற்றது. பெப்பர்டு கோரிடோராஸ் என்ற இனம் இதைவிடக் குளிர்ந்த நீரையும், ஸ்டெர்பாய் என்ற இனம் சற்று வெதுவெதுப்பான நீரையும் விரும்பும். இடம் மாற்றும்போது வலையைத் தவிர்த்து பிளாஸ்டிக் டப்பாவால் அள்ளுங்கள். முதுகு, மார்புத் துடுப்புகளில் விறைத்து நிற்கும் முட்கள் வலையில் சிக்கி மீனைக் காயப்படுத்தும்.

மற்ற மீன்களின் மிச்சத்தைத் தின்றே இவை வாழும் என்ற எண்ணம் இவற்றைப் பட்டினி போடுகிறது. அடியில் மூழ்கும் வில்லைகளை விளக்கணைத்த பின் இடுங்கள். இடையிடையே உறைந்த இரத்தப்புழுவும் கொடுக்கலாம்.

பின்சேர்க்கை: மீன் திடீரென மேலே பாய்ந்து காற்றை விழுங்குவது நோயா என்று சிலர் கேட்டிருந்தனர். விழுங்கிய காற்றிலிருந்து குடல் வழியாகவும் ஆக்சிஜனைப் பெறும் இயல்பு இம்மீனுக்கு உண்டு. ஆகவே எப்போதாவது பாய்ந்தால் கவலை வேண்டாம், நீர்மட்டத்துக்கும் மூடிக்கும் இடையே சிறிது இடைவெளி மட்டும் விடுங்கள். எல்லா மீன்களும் அடிக்கடி பாய்ந்தால், உடனே அமோனியாவையும் நைட்ரைட்டையும் சோதித்து, நீரை மாற்றி, காற்றோட்டத்தைக் கூட்டுங்கள்.