பழி போடும் ஆங்கிலத்தில் நாம் விடும் பிழைகள்

கொழும்பு கோட்டையில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்தபோது, வெள்ளவத்தைத் தம்பி ஒருவர் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தார். ஆவணங்கள் பிந்தியதற்கு எங்கள் பிரிவுதான் காரணம் என்று இன்னொரு பிரிவு சொல்லியிருந்தது. ‘எங்கள் மேல் பழி போட்டுவிட்டார்கள்’ என்று சொல்ல நினைத்து, ‘தே த்ரூ அஸ் அண்டர் த பஸ்’ என்று எழுதிவிட்டார்.

இரண்டும் ஒன்றல்ல. கூட இருப்பவனே, தான் தப்புவதற்காக, தெரிந்துகொண்டே நம்மைப் பலி கொடுக்கும்போதுதான் ஆங்கிலக்காரர் பஸ்ஸுக்கடியில் தள்ளியதாகச் சொல்வார்கள். அதில் துரோகம் இருக்கிறது. அந்தப் பிரிவுக்காரர் செய்தது வெறும் தவறான கணிப்பு. ஆனால் மின்னஞ்சலைப் பார்த்த பிறகு அவர்கள் எங்களோடு சரியாக முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பழி சொல்லும் சொற்றொடர்களில் பிழை விட்டால், இலக்கணத்தோடு உறவும் கெட்டுப்போகும்.

தமிழில் யோசித்து அப்படியே மாற்றுவதுதான் பெரிய சிக்கல். ‘டேக் த பிளேம்’ என்பதைப் பாருங்கள். சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘பழி வாங்கு’ என்று வரும். பொருளோ நேர் எதிர்: நடந்த தவறுக்குத் தானே பொறுப்பு என்று ஏற்றுக்கொள்வது. ‘ஐ வில் டேக் த பிளேம்’ என்று மேலதிகாரி சொன்னால் அது மிரட்டல் இல்லை, பெருந்தன்மை. நம் பழிவாங்கலுக்கு ஆங்கிலத்தில் ‘ரிவெஞ்ச்’ என்று வேறு சொல் உண்டு.

அடுத்தது ‘ஹி பிளேம்ட் ஒன் மீ’. ‘என் மேல்’ என்பதில் உள்ள ‘மேல்’ இங்கே ‘ஒன்’ ஆகிவிடுகிறது. ஆளை முதலில் சொன்னால் பின்னால் ‘ஃபோர்’ வரும்: ‘ஹி பிளேம்ட் மீ ஃபோர் த டிலே’. தவறை முதலில் சொன்னால்தான் ‘ஒன்’: ‘ஹி பிளேம்ட் த டிலே ஒன் மீ’. இந்த இரண்டையும் வாய்விட்டுப் பத்துத் தரம் சொல்லிப் பாருங்கள், நாக்குப் பழகிவிடும்.

‘ஸ்கேப்கோட்’ என்ற சொல்லுக்கு அகராதி ‘பலிக்கடா’ என்கிறது. முழுக்கச் சரியில்லை. பைபிளில் லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தில் இரண்டு ஆடுகள் வரும். ஒன்று பலியாகும், மற்றதின் தலையில் மக்களின் பாவங்களை ஏற்றி, உயிரோடு வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். வில்லியம் டின்டேல் 1530இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்த இரண்டாவது ஆட்டுக்குத்தான் இந்தப் பெயரை வைத்தார். ஆகவே மற்றவர் குற்றத்தைச் சுமப்பவர்தான் ஸ்கேப்கோட். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்பதற்காக நாம் ஸ்கேப்கோட் ஆகமாட்டோம். உண்மையாகவே தவறு செய்தவரையும் அப்படிச் சொல்ல முடியாது.

‘பாஸ் த பக்’ என்றால் காசு கைமாறுவது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்த ‘பக்’ டொலர் இல்லை. போக்கர் ஆட்டத்தில் சீட்டுப் போடும் முறை யாருடையது என்று காட்ட முன்னால் வைக்கும் அடையாளப் பொருள் அது. அதை அடுத்தவரிடம் தள்ளினால் பொறுப்பும் போய்விடும். அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் தன் மேசையில் ‘த பக் ஸ்டொப்ஸ் ஹியர்’ என்ற பலகை வைத்திருந்தார்; பொறுப்பு என்னோடு நிற்கிறது, இனித் தள்ள இடமில்லை என்று அர்த்தம். ஃபைலை அடுத்த மேசைக்கு அனுப்பியதைச் சொல்ல இது உதவாது.

மற்றவர் விட்ட தவறுக்கும் நாமே பழி சுமப்பதைச் சொல்லும் ‘கேரி த கேன்’ பிரித்தானிய வழக்கு. அமெரிக்கர்களோடு வேலை செய்கிறவர்கள் தவிர்ப்பது நல்லது. ‘த பொட் கோலிங் த கெட்டில் பிளாக்’ நம்முடைய ‘ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை’தான். நண்பர்களுக்குள் சரி, மனேஜரிடம் வேண்டவே வேண்டாம்.

அந்தத் தம்பி அப்புறம் பஸ்ஸைக் கைவிட்டார். அடுத்த முறை அப்படி ஒரு சிக்கல் வந்தபோது அவர் எழுதியது இவ்வளவுதான்: ‘தே பிளேம்ட் அஸ் ஃபோர் த டிலே, பட் வீ சென்ட் த டொக்கியூமன்ட்ஸ் ஒன் டியூஸ்டே.’ அன்று பின்னேரமே மறுபக்கத்திலிருந்து ‘சொறி’ வந்தது.