கம்ப்ரஷன் டெஸ்ட்: மீட்டர் காட்டும் எண்களைப் படிப்பது எப்படி?

பிளக் துளையில் மீட்டரை மாட்டி, சிலிண்டருக்குள் பிஸ்டன் எவ்வளவு அழுத்தத்தை உண்டாக்குகிறது என்று அளப்பதுதான் கம்ப்ரஷன் டெஸ்ட். பெட்ரோல் காரில் ஒரு சிலிண்டர் 150 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) காட்டுகிறது என்றால் அது நல்லதா, கெட்டதா? அந்த ஒற்றை எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. சிலிண்டருக்குச் சிலிண்டர் எவ்வளவு வித்தியாசம், முள் எப்படி ஏறியது, ஆயில் விட்டபின் என்ன ஆனது என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஹெட்டை (வால்வுகள் இருக்கும் மேல்பகுதியை) மட்டும் கழற்றுவதா, இன்ஜினையே பிரிப்பதா என்பது தெரியும்.

முதலில் டெஸ்ட் ஒழுங்காக எடுக்கப்பட்டதா என்று பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். எல்லா பிளக்குகளையும் கழற்றி, ஃபியூயல் பம்ப் ஃபியூஸை எடுத்து, காயில் கனெக்டர்களையும் பிரித்துவிட வேண்டும். ஆக்சிலரேட்டர் முழுக்க அழுத்தியிருக்க, முள் ஏறுவது நிற்கும்வரை, அதாவது ஐந்தாறு ஸ்ட்ரோக் வரை, செல்ஃப் அடிக்க வேண்டும். த்ராட்டில் மூடியிருந்தாலோ பேட்டரி இறங்கியிருந்தாலோ எல்லா சிலிண்டரும் ஒரே மாதிரி குறைவாகக் காட்டும். நல்ல இன்ஜினைப் பிரித்துப்போடுவது பெரும்பாலும் இப்படித்தான். மீட்டர் குழாயின் நுனியில் உள்ள சின்ன வால்வு பழுதாகி, அந்த இடத்தில் டயர் வால்வைப் போட்டிருந்தாலும் அளவு குறையும். டயர் வால்வின் ஸ்ப்ரிங் கடினமானது.

சாதாரண பெட்ரோல் இன்ஜினில் 130 முதல் 200 பிஎஸ்ஐ வரை இருக்கும். சரியான அளவும் குறைந்தபட்ச அளவும் உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். உயரத்தையும் கணக்கில் எடுங்கள்: சமவெளியில் 180 காட்டும் இன்ஜின் ஊட்டியில் 140-ஐ ஒட்டித்தான் காட்டும். அது கோளாறு இல்லை. சிலிண்டர்களுக்கிடையே எவ்வளவு வித்தியாசம் இருக்கலாம் என்பதற்கு, பல மேனுவல்கள் 14 பிஎஸ்ஐ, அதாவது சதுர செ.மீ.க்கு 1 கிலோ என்கின்றன. மேனுவல் கையில் இல்லையென்றால், மிகக் குறைந்த சிலிண்டர் மிக அதிகமானதில் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்று வைத்துக்கொள்ளலாம்.

175, 170, 120, 172 என்று வந்தால் மூன்றாவதில் கோளாறு உறுதி. இனி முள்ளைக் கவனியுங்கள். முதல் ஸ்ட்ரோக்கில் குறைவாகத் தொடங்கி, ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) தேய்மானம். தொடக்கத்திலேயே குறைவாக இருந்து, மேலும் ஏற மறுத்தால் வால்வு.

உறுதிப்படுத்த பிளக் துளை வழியே ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். 120 என்பது 160-க்குத் தாவினால் ரிங்கோ போரோ (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்திருக்கிறது. 125-லேயே நின்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் அதன் கீழுள்ள பிளாக்குக்கும் இடையில் இருக்கும் தகடு). இதில் பலரும் தவறுவது ஆயிலின் அளவில். 1200 சிசி, நான்கு சிலிண்டர் இன்ஜினில் பிஸ்டன் மேலே வந்தபின் மிஞ்சும் இடமே சுமார் 33 மில்லிதான். அதில் 5 மில்லி ஆயில் போனாலே நல்ல சிலிண்டரும் கூடுதலாகக் காட்டும். அதனால் நல்ல சிலிண்டர் ஒன்றிலும் அதே அளவு ஆயில் விட்டு, அது எவ்வளவு ஏறுகிறது என்று ஒப்பிடுங்கள்.

பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து இறங்கினால், இடையில் ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். மேனுவல் அளவைத் தாண்டிக் காட்டினால் கார்பன் படிந்திருக்கிறது. டெஸ்ட் சரியாக எடுத்தும் எல்லாமே சமமாகக் குறைந்திருந்தால், பிரிக்கும் முன் டைமிங் பெல்ட் அல்லது செயின் பல் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

சிஎன்ஜி வண்டியில் ஒரு சிலிண்டர் குறைந்தால் ஹெட்டில் கைவைக்காதீர்கள். முதலில் டேப்பெட் கிளியரன்ஸை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை, அளக்கவும். வால்வு சீட் தேய்ந்து இடைவெளி காணாமல் போனால் வால்வு முழுதாக மூடாது. கிளியரன்ஸைச் சரிசெய்தாலே கம்ப்ரஷன் திரும்பிவிடுவதும் உண்டு.

இன்னும் சந்தேகம் இருந்தால், அந்த சிலிண்டரின் பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சிக்குக் கொண்டுவந்து, கிராங்க் சுழலாமல் பிடித்துக்கொண்டு, பிளக் துளையில் காற்றடியுங்கள். சைலென்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, த்ராட்டிலில் கேட்டால் இன்டேக் வால்வு, ஆயில் மூடியில் வந்தால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட். ரேடியேட்டர் மூடியை இன்ஜின் ஆறிய பிறகே திறக்க வேண்டும்.

இவை எல்லாம் பெட்ரோலுக்குத்தான். டீசலில் 400 பிஎஸ்ஐக்கு மேல் வரும். பெட்ரோல் மீட்டர் தாங்காது. ஆயில் விடும் சோதனையும் அதில் வேண்டாம்: பிஸ்டனுக்கு மேல் இடம் மிகக் குறைவு, ஆயில் அழுந்தாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.