நூறு கிலோவுக்கு மேல் இருப்பவர்கள் பழைய ஆஃப்ரோடு பைக் வாங்கும்போது

நான் ஆறடி உயரம், 108 கிலோ. இதைச் சொன்னதும் விற்பவர்கள் "அப்போ உங்களுக்கு ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன்தான் சார்" என்று முடித்துவிடுவார்கள். ரோட்டில் ஓட்ட அது சரி. கல்லும் மண்ணுமான பாதையில் நம்மைத் தாங்கப்போவது பைக்கின் பருமன் இல்லை, அதன் ஸ்பிரிங். அதனால் விலை பேசுவதற்கு முன்னால், நாம் ஏறி உட்கார்ந்தால் அது எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்துவிடுங்கள்.

ஒரு இஞ்ச் டேப்பும் கூட இரண்டு பேரும் போதும். பின் சக்கரம் தரையை விட்டு எழும்படி தூக்கச் சொல்லி, அச்சிலிருந்து நேர் மேலே சீட்டுக்குக் கீழே ஒரு புள்ளி வரை அளந்துகொள்ளுங்கள். அப்புறம் ஹெல்மெட், பூட்ஸ், பை எல்லாம் மாட்டிக்கொண்டு இரண்டு காலையும் ஃபுட்ரெஸ்ட்டில் வைத்து உட்காருங்கள். ஒருவர் பைக்கைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் அதே இடத்தை மறுபடி அளக்கட்டும். சஸ்பென்ஷன் மொத்தம் எவ்வளவு இறங்குமோ அதில் மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருந்தால் நல்லது. ஹிமாலயன் 411-க்குப் பின்பக்கம் 180 மி.மீ., ஆகவே 60. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-க்கு 170 மி.மீ., ஆகவே 55-ஐ ஒட்டி. நான் பார்த்த ஒரு பைக்கில் 85 வந்தது, பிரீலோடைக் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அமைப்பு) கடைசி வரை இறுக்கியும் 75-க்குக் கீழே வரவில்லை. அப்படிப்பட்ட பைக் முதல் பள்ளத்திலேயே அடி வரை போய் இடிக்கும், அந்த இடி நேராக நம் முதுகெலும்புக்குத்தான் வரும். கெட்டியான ஸ்பிரிங் மாற்றும் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

அடுத்து, எழுந்து நின்று பாருங்கள். மோசமான பாதையில் நின்றுகொண்டுதான் ஓட்டப்போகிறோம், ஆனால் பைக் பார்க்கப் போகிறவர்கள் பலரும் உட்கார்ந்து மட்டுமே பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். நின்றதும் முதுகு வளைந்து கை கீழே போனால் ஹேண்டில்பாரை உயர்த்தி வைக்கும் ரைசர் தேவை. அது பெரிய செலவில்லை. முழங்கால் டேங்கில் சரியாகப் பொருந்தவில்லை என்றால் அதற்கு மருந்து கிடையாது.

இப்போது எது என்ற கேள்வி. ஹிமாலயன் 411-இன் 32 என்எம் (நியூட்டன் மீட்டர்) இழுவை எஞ்சினின் குறைந்த சுற்றிலேயே கிடைப்பதால் கனமான ஆளை மேட்டில் கிளட்சைத் தேய்க்காமல் ஏற்றிவிடும். ஆனால் எடை 200 கிலோவைத் தொடும், ஈரச் சரிவில் விழுந்தால் தனியாகத் தூக்குவது பெரும்பாடு. எக்ஸ்பல்ஸ் அதைவிட ஏறக்குறைய 40 கிலோ குறைவு, முன்னே 21, பின்னே 18 அங்குல சக்கரம். இழுவை மட்டும் 17 என்எம் சொச்சம்தான், செயின் ஓடும் பின் பல்சக்கரத்தில் (ஸ்ப்ராக்கெட்) இரண்டு பல் கூட்டினால் நம் எடைக்கு நன்றாக வேலை செய்யும். ரோடு அதிகம், மண் பாதை கொஞ்சம் என்றால் 2020-க்குப் பிந்தைய பிஎஸ்6 (புதிய புகை விதிப்படி வந்த) ஹிமாலயனை எடுங்கள், மண் பாதையில் பின் சக்கர ஏபிஎஸ்ஸை (பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) அணைத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமைதோறும் மண்ணில்தான் என்றால், உடம்பைப் பார்த்துப் பயப்படாமல் 4 வால்வு எஞ்சின் உள்ள எக்ஸ்பல்ஸை எடுத்து ஸ்பிரிங்கை மாற்றுங்கள். நான் அதைத்தான் செய்வேன். கேடிஎம் 390 அட்வெஞ்சரின் 43 குதிரைத்திறன் ஆசை காட்டும், ஆனால் முதலில் வந்தவற்றில் அலாய் சக்கரம். நம் எடையோடு கல்லில் அடித்தால் வளையும், ஸ்போக் போல நிமிர்த்தி எடுப்பது கடினம்.

எதுவானாலும் முந்தைய ஓனர் ரோட்டில் ஓட்டினாரா, காட்டில் ஓட்டினாரா என்பதை வண்டியே சொல்லும். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயில் விரலை வைத்துத் தடவுங்கள், எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் அதன் எண்ணெய் சீல் போய்விட்டது. முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள், நடுவில் ஓர் இடத்தில் 'டக்' என்று உட்கார்ந்தால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்) மாற்ற வேண்டும். ஸ்போக்குகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டினால் தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் தகட்டைக் குனிந்து பாருங்கள். கீறல் பரவாயில்லை, அது அதன் வேலை. உள்ளே குழிந்து எஞ்சினைத் தொட்டுக்கொண்டிருந்தால் வேறு வண்டி பாருங்கள். நீங்கள் போவதற்கு முன்பே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் ஆறும்வரை காத்திருந்து நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள்.

ஆர்சி புக்கில் கடன் குறிப்பு இருந்தால் பேங்க் தடையின்மைச் சான்று கைக்கு வராமல் முன்பணம் கூடக் கொடுக்காதீர்கள்.