டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஜெட் கோளாறு: கண்டறிவதும் சரிசெய்வதும்

செட்டிநாட்டு வீடுகளில் பல, ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. திருமணத்திற்கோ படைப்புக்கோ (முன்னோர் வழிபாட்டுக்கோ) ஊருக்கு வந்து கதவைத் திறக்கும்போது, கொட்டகையில் சாத்தி வைத்திருந்த யமஹா ஆர்எக்ஸ் 100 பைக், பத்து உதைக்குப் பிறகு எப்படியோ கிளம்பும். குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டித் தரும் சோக்கை விடுவித்ததும் அணைந்துவிடும். அல்லது ஸ்லோவில், அதாவது ஆக்ஸிலேட்டரைத் திருகாத நிலையில், ஒழுங்காக ஓடி, ஆக்ஸிலேட்டரைத் திருகியவுடன் மூச்சுத் திணறும். "ஜெட் சரியில்லை, மாத்திரலாம்" என்று பட்டறையில் சொல்வார்கள். கார்பரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும், துளையிட்ட சிறு பித்தளைத் திருகுதான் ஜெட். காரைக்குடியைச் சுற்றி இப்படி ஜெட் மாற்றப்பட்ட பல வண்டிகளைப் பிரித்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஜெட்டை மாற்றுவது இந்த வேலையின் கடைசிப் படியாக இருக்க வேண்டும். அதற்கு முன் செய்ய வேண்டியவை பல இருக்கின்றன. அவற்றைத் தவிர்த்தால் பிஸ்டன்தான் பலியாகும்.

உள்ளே போகும் காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் போவதை லீன் என்றும், தேவைக்கு மிஞ்சிப் போவதை ரிச் என்றும் சொல்வார்கள். ரிச் ஆனால் புகை வரும், பிளக் கருகும், மைலேஜ் குறையும். எஞ்சினுக்கு உடனடியாக ஆபத்து இல்லை. லீன் அப்படியல்ல. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோல் எரிபொருளாக இருப்பதோடு, பிஸ்டனின் சூட்டைக் குறைக்கும் வேலையையும் செய்கிறது. பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றும் மொபெட் வகை வண்டிகளில், பெட்ரோல் குறையும்போது பிஸ்டனுக்குச் செல்லும் ஆயிலும் சேர்ந்து குறைகிறது. ஆயில் டேங்க்கும் பம்ப்பும் தனியாக உள்ள ஆர்எக்ஸ் போன்ற வண்டிகளில் ஆயில் தொடர்ந்து வந்தாலும், சூடு ஏறுவதை அது மட்டும் தடுத்துவிடாது. ஆகவே சந்தேகம் வரும் இடத்திலெல்லாம் ரிச் பக்கமே நிற்பது நல்லது.

முதலில் பார்க்க வேண்டியது, கார்பரேட்டரைத் தாண்டி வேறு எந்த வழியிலாவது காற்று நுழைகிறதா என்பதுதான். இதை நான் என் சொந்த வண்டியில் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் உடனே இறங்காமல் சில நொடிகள் மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பட்டறையில் மெயின் ஜெட்டைப் பெரிதாக்கினார்கள், குறையவில்லை, இன்னும் பெரிதாக்கினார்கள். மூன்றாம் நாள் காலை திருமயம் கடந்து புதுக்கோட்டை நோக்கிப் போகும்போது, பின் சக்கரம் ஒரு நொடி இறுகி வண்டி வழுக்கியது. கிளட்ச்சைப் பிடித்ததால் கீழே விழவில்லை. ஹெட்டைக் கழற்றிச் சிலிண்டரைத் தூக்கியபோது, பிஸ்டனின் சைலன்சர் பக்கத்தில் மேலிருந்து கீழாக நகத்தால் கீறியதுபோல் நான்கு கோடுகள் ஓடின. சிலிண்டரின் உள்சுவரில் அலுமினியம் வெள்ளித்தாள் போல ஒட்டியிருந்தது. காரணம் ஜெட் அல்ல. இடது பக்கத்தில், மேக்னட்டுக்கு (மின்சாரம் தரும் சுழல் காந்தத்துக்கு) பின்னால், கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்று புகாமல் காக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் காய்ந்து இறுகி, அதன் விளிம்பு வழியே காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது.

ஓடாமல் நிற்கும் வண்டியில் சீலின் ரப்பர் காய்ந்துபோவது இயல்பு என்பதால், பூட்டிய வீட்டு வண்டிகளில் இதை முதல் சந்தேகமாகவே வைத்துக்கொள்ளலாம். மேக்னட் மூடியைக் கழற்றிப் பார்க்கும்போது தகட்டின் பின்னால் ஆயில் ஈரம் தெரிந்தால் சீல் போய்விட்டது என்று பொருள். வலது பக்க, அதாவது கிளட்ச் பக்க சீல் போனால் அறிகுறி வேறாக இருக்கும்: எஞ்சின் கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கும், வெள்ளைப் புகை அடர்ந்து வரும், கியர் ஆயிலின் அளவு காரணம் தெரியாமல் குறையும். இந்தப் புகையைப் பார்த்து ரிச் என்று எண்ணி ஜெட்டைச் சிறிதாக்கியவர்களும் உண்டு. கார்பரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பர், கலவையை ஒருவழியாக உள்ளே விடும் ரீட் வால்வின் கேஸ்கெட், சிலிண்டரின் அடிக் கேஸ்கெட் ஆகிய இடங்களில், வண்டி ஸ்லோவில் ஓடும்போது சோப்புத் தண்ணீரைத் தெளித்துப் பார்க்கலாம். தண்ணீர் பட்டவுடன் சத்தம் மாறினால் அங்கேதான் கசிவு. ஐயம் தீர வேண்டுமானால், நல்ல பட்டறையில் காற்று நுழையும் வழியையும் சைலன்சர் வழியையும் அடைத்து, சுமார் 6 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்றேற்றி, சில நிமிடம் அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது ஏர் ஃபில்டர். நம் பகுதியின் செம்மண் தூசி அதை விரைவில் அடைத்துவிடும். அடைபட்டால் வண்டி ரிச் ஆகும். எரிச்சலில் ஃபில்டரையே எடுத்து எறிந்துவிட்டால் லீன் ஆகும். சைலன்சரின் உள்குழாயில் கரி படிந்து அடைத்திருந்தாலும் ரிச் போலவே வண்டி இழுக்காமல் கட்டும். டேங்க் மூடியின் மூச்சுத் துளை அடைபட்டிருந்தால் சில கிலோமீட்டர் ஓடியபின் வண்டி நின்று, மூடியைத் திறந்து மூடியதும் மீண்டும் ஓடும். பிளக் கேப் தளர்ந்திருந்தாலும் மிஸ்ஸிங் வரும். இவை எல்லாம் சரியாக இருக்கின்றன என்று உறுதியான பிறகுதான் கார்பரேட்டரைக் கழற்ற வேண்டும்.

கழற்றும் இடத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தளத்தில் ஒருபோதும் வேண்டாம். பெட்ரோலும் டூ ஸ்ட்ரோக் ஆயிலும் அதில் இறங்கினால் கறை போகவே போகாது. கார்பரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தைத் திறந்தால், நெடுநாள் நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகிப் போய், பழுப்பு நிறத்தில் பிசின் போன்ற படிவு மட்டும் இருக்கும். அந்தப் படிவு முதலில் அடைப்பது ஸ்லோ ஜெட்டைத்தான், ஏனெனில் அதன் துளை முடியிழை அளவே. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். கார்பரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தால் பெரும்பாலும் திறந்துவிடும். திறக்கவில்லையென்றால் மெல்லிய மின்கம்பியிலிருந்து ஒரு செம்பு இழையை உருவி நுழைக்கலாம். குண்டூசியை நுழைப்பது பெருந்தவறு: பித்தளை மென்மையானது, ஊசி துளையை அகலப்படுத்திவிடும், பிறகு ஜெட்டின் மேல் பொறித்த எண்ணுக்கும் அதன் வழியே பாயும் பெட்ரோலுக்கும் தொடர்பே இருக்காது. கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையின் உயரத்தையும் அப்போதே பாருங்கள். கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் உயர்ந்தால் எல்லா வேகத்திலும் ரிச், தாழ்ந்தால் எல்லா வேகத்திலும் லீன்.

இவ்வளவுக்குப் பிறகும் கோளாறு நீடித்தால், அது ஆக்ஸிலேட்டரின் எந்த நிலையில் வருகிறது என்பதைக் கண்டறிய வேண்டும். எஞ்சின் வேகத்தையோ கியரையோ வைத்து இதை முடிவு செய்யக் கூடாது. கார்பரேட்டருக்குத் தெரிந்ததெல்லாம், ஆக்ஸிலேட்டரைத் திருகும்போது மேலெழுந்து காற்றுக்கு வழிவிடும் ஸ்லைடு எவ்வளவு திறந்திருக்கிறது என்பது மட்டுமே. ஆக்ஸிலேட்டர் பிடியிலும் அதையொட்டிய கூட்டிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுமை என்று பேனாவால் கோடிட்டுக்கொள்ளுங்கள். கால் பங்கு வரை ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்குரூவும், அதையொட்டி ஸ்லைடின் வெட்டும், காலிலிருந்து முக்கால் வரை ஸ்லைடில் தொங்கும் ஊசியான நீடிலும் அது நுழையும் நீடில் ஜெட்டும், முக்காலுக்கு மேல் மெயின் ஜெட்டும் ஆட்சி செய்கின்றன. எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று சற்றுப் படியும். ஆனாலும் கோளாறு எந்தக் கோட்டுக்கு அருகில் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிட்டது. கால் பங்குக்குள் தடுமாறும்போது சோக்கைச் சற்றுப் போட்டுப் பாருங்கள்: வண்டி தெளிந்தால் லீன், மேலும் மோசமானால் ரிச். ஸ்லைடு அதிகம் திறந்த நிலையில் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். சோக் வழியே வரும் பெட்ரோல் அங்கே போதுமான மாற்றத்தைக் காட்டாது.

சரிசெய்யும் வேலையைக் கீழிருந்து மேலாகச் செய்ய வேண்டும். எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, ஏர் ஸ்குரூவை மெதுவாக முழுதும் உள்ளே திருகி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். பிறகு கால் சுற்றாக இருபுறமும் திருப்பி, ஸ்லோவின் வேகம் எங்கே அதிகமாகவும் சீராகவும் இருக்கிறதோ அங்கே நிறுத்துங்கள். ஸ்குரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளே திருகினால் ரிச். எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளே திருகினால் லீன். இதை மாற்றிப் புரிந்துகொண்டு திண்டாடுபவர்கள் ஏராளம். காற்று ஸ்குரூவில் சிறந்த இடம் ஒரு சுற்றுக்கும் குறைவாக இருந்தால் ஸ்லோ ஜெட் சிறிது. இரண்டரைச் சுற்றுக்கு மேல் போனால் பெரிது.

நடுப்பகுதிக்கு நீடில். அதன் தலையில் பொதுவாக ஐந்து காடிகள் இருக்கும். கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினால் நீடில் உயர்ந்து ரிச் ஆகும். மேலே ஏற்றினால் லீன். பழைய வண்டியில் கிளிப் உச்சியில் இருந்தும் நடுவேகத்தில் ரிச்சாகவே ஓடினால், நீடிலை எடுத்து வெயிலில் சுழற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளவென்று ஒரு பட்டை தெரியும். ஆண்டுக்கணக்கில் உரசி நீடிலும் தேய்ந்து, நீடில் ஜெட்டின் துளையும் முட்டை வடிவமாகியிருக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

மெயின் ஜெட்டை எப்போதும் பெரிய எண்ணிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு எண்ணாக இறங்கிவர வேண்டும். முழு ஆக்ஸிலேட்டரில் கரகரவென்று நெரிந்து வேகம் ஏறாமல் நின்றால் ரிச். முழுமையிலிருந்து சற்று மூடியதும் வண்டி முன்பைவிட நன்றாக இழுத்தால் லீன், உடனே நிறுத்திவிடுங்கள். உறுதி செய்ய பிளக்கைப் படிக்க வேண்டும். புதுப் பிளக் போட்டு, பின்னால் வண்டி வராத நேரான காலிச் சாலையில், ஹெல்மெட் அணிந்து, நான்காம் கியரில் முழு ஆக்ஸிலேட்டரில் ஓட்டி, அதே நிலையில் கிளட்ச்சைப் பிடித்துச் சாவியை அணைத்து ஓரமாக உருட்டி நிறுத்துங்கள். ஸ்லோவில் ஓட விட்டால் படித்ததெல்லாம் அழிந்துவிடும். பிளக்கின் வெள்ளைப் பீங்கானின் அடியில், உலோகத்தோடு அது சேரும் இடத்தில், வளையமாகக் காப்பிப்பொடி நிறம் இருந்தால் சரி. வெளுத்திருந்தால் லீன், ஈரக் கரியாக இருந்தால் ரிச்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பருவத்தையும் கணக்கில் எடுங்கள்: மே மாத நண்பகலில் காற்று அடர்த்தி குறைந்திருக்கும், அப்போது கச்சிதமாக அமைத்த ஜெட், மார்கழி விடியலின் அடர்ந்த காற்றில் லீன் பக்கம் சாயும். ஆகவே கோடையில் அமைப்பவர்கள் சற்று ரிச்சாகவே விட வேண்டும். எத்தனாலும் அப்படித்தான். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரியச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்ட 20 சதவீத எத்தனால் பெட்ரோல், பழைய பெட்ரோலுக்கு அமைத்த ஜெட்டின் வழியே போகும்போது வண்டி லீன் ஆகிறது. ஆயிலைக் கலந்து ஊற்றுபவர்கள், பாதுகாப்பு என்று எண்ணி லிட்டருக்கு 20 மில்லியை 40 மில்லியாக உயர்த்தினால், அதே ஜெட்டின் வழியே வரும் கலவையில் பெட்ரோலின் பங்கு குறையும். அதுவும் லீன் பக்கம் போகும் ஒரு படியே.

ஊரை விட்டுக் கிளம்பும் நாளில் பெட்ரோல் டேப்பை மூடி, எஞ்சின் தானாக அணையும் வரை ஸ்லோவில் ஓடவிட்டு, கிண்ணத்தில் மிஞ்சியதையும் வடித்துவிடுங்கள். ஜெட்களின் எண்கள், கிளிப்பின் காடி, ஸ்குரூவின் சுற்று ஆகியவற்றைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி டூல் பாக்ஸுக்குள் வையுங்கள். அடுத்த முறை கதவைத் திறப்பவர் நீங்களாக இல்லாமலும் போகலாம்.