தரம் 6 இற்குப் போகும் ஓட்டிசப் பிள்ளை: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் தரம் 5 முடிந்து புதிய பாடசாலைக்கு மாறும், ஓட்டிசம் (autism) உள்ள பிள்ளைகளின் பெற்றோர் ஒவ்வோர் ஆண்டும் என்னிடம் ஆலோசனைக்கு வருகிறார்கள். முன்பு வந்தவர்கள் இடறிய இடங்களிலேயே இவர்களும் இடறுவது வேதனை தருகிறது. அடிக்கக் கூடாது, பிற பிள்ளைகளோடு ஒப்பிடக் கூடாது என்பவை எல்லோரும் அறிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

பாடசாலை விட்டதும் ரியூசன்

இதைத்தான் என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஆரம்பப் பிரிவில் பெரும்பாலான பாடங்களை ஒரே வகுப்பாசிரியர் கற்பித்திருப்பார். தரம் 6 முதல் ஏறத்தாழ 40 நிமிடத்துக்கு ஒரு முறை மணி அடிக்கும். குரலும் கண்டிப்பும் வேறான இன்னோர் ஆசிரியர் வருவார். காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றுவதையும் கைகளை அசைக்கத் தோன்றுவதையும் அடக்கியபடி, பிற்பகல் 1.30 வரை பிள்ளை அமர்ந்திருக்கும். வெளிப்பார்வைக்கு அது அமைதி. உள்ளே கடும் உழைப்பு. அடக்கியதெல்லாம் வீட்டு வாசலில்தான் வெடிக்கும்.

"பள்ளிக்கூடத்தில நல்ல பிள்ளையாம் மிஸ், வீட்டிலதான் அடம்பிடிக்கிறான்" என்றார் ஒரு தாய். அருகில் நின்ற மகனின் சீருடைக் கழுத்துப்பட்டி, கடித்துக் கடித்து நூல் பிரிந்து ஈரமாக இருந்தது. கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில், சோறு தின்ற கையோடு அவனைத் தகரக் கூரை வகுப்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே ஆசிரியர் ஒலிவாங்கியில் கற்பிப்பார். தவணை முடியுமுன் அவன் ரியூசனை மட்டுமல்ல, பாடசாலையையும் மறுத்துவிட்டான். ஒரு பாடத்தில் கூடுதல் புள்ளி எடுக்கப் போய் எல்லாப் பாடங்களும் கைவிட்டுப் போயின.

வீடு வந்த பிள்ளையிடம் "இண்டைக்கு என்ன படிச்சாய்?" என்றுகூடக் கேட்காதீர்கள். உடை மாற்றி, பழகிய உணவைக் கொடுத்து, வெளிச்சமும் சத்தமும் குறைந்த இடத்தில் விருப்பமானதைச் செய்ய விடுங்கள். தேவையான பாடத்தை மாலையில், ஒருவரே, சிறிது நேரம் சொல்லிக்கொடுத்தால் போதும். அந்தப் பையன் கணிதத்தை அப்படித்தான் மீண்டும் தொடங்கினான்.

மறைத்தல்

பிள்ளைக்கு ஓட்டிசம் இருப்பதைச் சேர்க்கும் நாளிலேயே வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.

பரீட்சை நெருங்கியபின் ஓடுதல்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் மேலதிக நேரம் போன்ற வசதிகளை, மருத்துவ அறிக்கைகளுடன் அதிபர் ஊடாகப் பரீட்சைத் திணைக்களத்திடம் கோரலாம். அறிக்கைகளைத் தரம் 10 இலேயே திரட்டத் தொடங்குங்கள்.

இடைநிறுத்துதல்

இலங்கையில் 2016 முதல் 5 வயதிலிருந்து 16 வயது வரை கல்வி கட்டாயம். "வீட்டிலேயே வைத்திருங்கள்" என்று யாரேனும் சொன்னால், அதை எழுத்தில் கேட்டு வாங்கி வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கொண்டு செல்லுங்கள்.