பச்சை பிடித்த சக்கரங்கள்

குளச்சலில் எங்கள் வீட்டுக்குக் கடல் கூப்பிடு தூரம். பாட்டி தந்த சக்கரங்களை, அதாவது பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்துச் செம்புக் காசுகளை, பிவிசி பிளாஸ்டிக் ஆல்பத்தில் வைத்திருந்தேன். மழைக்காலம் முடிந்து திறந்தால், சங்கு முத்திரைமேல் பச்சைப் பிசுபிசுப்பு. மனசு ஆறவில்லை.

பிவிசி உறையிலிருந்து கசிவது செம்பை அரிக்கும். எங்கள் ஊர் உப்புக்காற்றும் ஈரமும் கூடவே சேர்ந்துகொள்ளும். புளி போட்டுத் தேய்க்கவே கூடாது, பழைய நிறம் போய்விடும். ஜன்னலைத் திறந்து வைத்து, நெருப்பில்லாத இடத்தில், பிசுக்கைக் கரைக்கும் சுத்தமான அசிட்டோன் திரவத்தில் முக்கி எடுத்து, துடைக்காமல் உலர விட்டேன். பிசுக்கு போனது. அரித்த புள்ளிகள் இரண்டு மட்டும் நின்றுவிட்டன.

அப்புறம் பிவிசி கலக்காத மைலார் பிளாஸ்டிக் படலம் வைத்த காசு அட்டைகள், இறுக மூடும் டப்பா, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல். அட்டை எண்படி எடை, விட்டம், யார் தந்தது எல்லாம் நோட்டில் ஏறுகிறது. முதல் பக்கத்தில் பாட்டி சொன்ன கணக்கு: 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய்.