பாலத்தில் ஃபைபர் சென்சார் ஒட்டுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் எங்களிடம் புதிதாகச் சேர்ந்த இரண்டு பையன்கள் ஒரு பாலத்தின் இரும்புக் கர்டரில் (பாலத்தைத் தாங்கும் உத்தரம்) ஃபைபர் சென்சார், அதாவது இரும்பு எவ்வளவு நீள்கிறது என்று ஒளியை வைத்து அளக்கும் கண்ணாடி இழை, ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஏணிக்குக் கீழே நின்று பார்த்தேன். பத்து வருடத்துக்கு முன்னால் நான் செய்த கூத்தையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். துருவைத் தேய்ப்பது, இழையைத் துடைப்பதெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

வெயிலைப் பாரம் என்று படிப்பது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வரும். மேலூர்ப் பக்கம் ஒரு வாய்க்கால் பாலம், சித்திரை மாதம். முந்தின நாளே ஒட்டியாகிவிட்டது. காலை ஆறு மணிக்கு, கர்டர் 28 டிகிரியில் இருந்தபோது ஜீரோ பிடித்துவிட்டு டீ குடிக்கப் போனோம். மதியம் இரண்டு மணிக்கு இரும்பில் கை வைக்க முடியவில்லை, 52 டிகிரி. திரையில் 470 மைக்ரோஸ்ட்ரெயின் (நீளத்தில் பத்து லட்சத்தில் 470 பங்கு நீட்சி). அப்படியே கணக்குப் போட்டால் 94 மெகாபாஸ்கல் தகைவு (இரும்புக்குள் ஏறும் விசையின் அளவு). லாரி போனால் நாற்பதுகூட ஏறாத பாலம் அது! பதறிப்போய்ப் போன் போட்டேன். இரண்டு நாள் பாலத்தை மூடினார்கள். எங்கள் மீதிப் பணம் இன்றுவரை வரவில்லை.

நடந்தது இதுதான். கிரேட்டிங் என்பது இழைக்குள் பதித்த நுண்ணிய கோடுகள்; ஒரு குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் திருப்பி அனுப்பும். 1550 நானோமீட்டரில் அந்த அலைநீளம், ஒரு மைக்ரோஸ்ட்ரெயினுக்குச் சுமார் 1.2 பிக்கோமீட்டர் நகரும்; ஒரு டிகிரி சூட்டுக்குச் சுமார் 10. ஆக, 24 டிகிரி ஏறினால் கண்ணாடி மட்டுமே 200 மைக்ரோஸ்ட்ரெயின் போல வேஷம் போடும். இரும்பு டிகிரிக்குப் 12 வீதம் விரிவதில் இன்னொரு 288. மொத்தம் 488. 1978இல் கனடாவில் கென் ஹில் குழு இழைக்குள் கிரேட்டிங்கை உண்டாக்கிய பிறகு, அதைப் படிக்கும் கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன. ஆனால் சூடும் இழுவையும் அலைநீளத்தை நகர்த்துவது அப்படியேதான் இருக்கிறது.

சூட்டைக் கழிக்கத் தனி சென்சார் வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். வைத்தேன், தூணடி நிழலில் ஜங்ஷன் பாக்ஸுக்குள்! அங்கே ஏறியது இரண்டே டிகிரி. அதனால்தான் 488இல் வெறும் 17 குறைந்தது.

இந்தப் பையன்கள் அதைக் கர்டரை ஒட்டியே வைத்திருந்தார்கள். சரி, நல்லது. ஆனால் அந்தச் சூட்டு சென்சாரில் குழாய்க்குள் தளர்வாகக் கிடக்கும் இழை கண்ணாடியின் 200ஐத்தான் கழிக்கும். 288 அப்படியே நிற்கும். இரும்பு நீண்டது நிஜம்தான். முனையில் நகர இடமிருந்தால் அதில் தகைவே கிடையாது. பேரிங் (கர்டரின் முனை உட்காரும் தாங்கி) துருவேறி இறுகியிருந்தால் கதை தலைகீழ்: நீட்சி குறைவாகத் தெரியும், தகைவு ஏறிக்கொண்டிருக்கும். அதனால் முதல் மூன்று நாள் எச்சரிக்கை எல்லையே வைக்காதீர்கள். சூட்டுக்கு எதிராகத் திரிபை (திரை காட்டும் நீட்சியை) வரைந்து அந்தப் பாலத்துக்கு வரும் கோட்டின் சரிவைப் பாருங்கள். பேரிங்கையும் ஒருமுறை குனிந்து பாருங்கள்.

பச்சை கனெக்டரை நீலத்தில் செருகுவது

செருகாதீர்கள். இழைகளை இணைக்கும் இடத்தில் பச்சையின் முகம் 8 டிகிரி சாய்வு, நீலத்தின் முகம் நேர்; இரண்டும் பொருந்தாது.

மீட்டரை இடம் என்று நம்புவது

ராமன் முறையில் (இழைக்குள் சிதறித் திரும்பும் ஒளியை வைத்து) சுவரில் ஓடும் கேபிள் நெடுகச் சூட்டை அளக்கும்போது திரை காட்டுவது இழையின் நீளத்தை, சுவரின் நீளத்தை அல்ல. பெட்டிக்குள் சுருட்டி வைத்த மிச்சமும் அதில் சேரும். மீன் கடையில் ஒரு பை ஐஸ் வாங்கி கேபிள் மேல் வையுங்கள். திரையில் எந்த மீட்டரில் பள்ளம் விழுகிறதோ, அதைச் சுவரில் சாக்பீஸால் எழுதுங்கள்.

ஒரு முனையை மட்டும் வெளியே எடுப்பது

வரிசையாகக் கோத்த சென்சார்களில் நடுவே இழை அறுந்தால் அதற்கு அப்பால் எல்லாம் இருட்டு. இரண்டு முனையையும் பெட்டிக்குக் கொண்டுவந்தால் மறுபக்கமிருந்து படிக்கலாம். எங்கள் கேபிளைக் கடித்தது ஒரு அணில். மொத்தம் பன்னிரண்டு சென்சார், அது கடித்த இடம் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில்.